யோம் கிப்பூருக்கு உப்புமா

நேற்று ஏகாதசி. எங்கள் ஹம்பர்க் அடுக்குமாடி வீட்டில் ரவை வறுபடும் வாசனை வந்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மனைவி முறைத்தாள். விரத நாளில் சிரிக்கக்கூடாது என்று சட்டமா என்ன?

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் டார்ம்ஸ்டாட்டில் பொறியியல் படித்துக்கொண்டே, ஒரு தொடக்கப் பள்ளியில் மதியத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தேன். உண்மையில் அவர்கள்தான் என் ஜெர்மனைத் திருத்தினார்கள். ஒருநாள் ஆசிரியைக்குத் தொண்டை கட்டிவிட்டது. யூதர்களின் புனித நாளான யோம் கிப்பூரைப் பற்றிய பாடத்தை என் தலையில் கட்டினார்.

"விரதம் இருக்கிற நாட்டுக்காரர், உங்களுக்குத் தெரியாததா?" என்று கிசுகிசுத்து ஒரு தாளை நீட்டினார்.

மறுநாள் காலை வகுப்புக்கு ஒரு விருந்தாளி வருகிறாராம். அந்த ஊர் யூதர். சிறுவனாக இருந்தபோது இதே பள்ளியிலிருந்து விரட்டப்பட்டவர். குடும்பத்தில் மிஞ்சியது அவர் ஒருவர்தான். அதற்குப் பிறகு இந்தப் பள்ளி வாசலை மிதித்ததே இல்லை. ஆசிரியை ஓராண்டாகக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்திருந்தார். "ஏதாவது தப்பாப் போச்சுன்னா இனி வரவே மாட்டார்" என்றார்.

தாளில் இரண்டே விஷயம். அன்று உபவாசம். அதற்கு முன்னால், யாருக்குத் தீங்கு செய்தோமோ அவரிடமே நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். கடவுளிடம் கேட்டால் மட்டும் போதாது. இரண்டாவதை ஒழுங்காகச் சொன்னேன். முதலாவதுக்கு எங்கள் வீட்டு வழக்கத்தை எடுத்துவிட்டேன். சோறுதான் கூடாது; உப்புமா, பழம், பால், சுண்டல் எல்லாம் பரவாயில்லை. உப்புமாவைக் காரமான ரவைக் கஞ்சி என்று விளக்கினேன். பிள்ளைகளுக்குப் பண்டிகை மிகவும் பிடித்துப்போய், சுவர் முழுக்கப் படம் வரைந்து ஒட்டினார்கள்.

மாலையில் அறைத்தோழன் காதரிடம் பீற்றிக்கொண்டேன். நாகூர்க்காரன், ரமலானில் ஒரு நோன்பும் விடமாட்டான். தலையில் அடித்துக்கொண்டான்.

"டேய், அவங்க தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்கடா! உங்க வீட்லதான் விரதம்னா ரெண்டு அயிட்டம் கூட!"

அந்நேரத்துக்குப் பள்ளியைப் பூட்டியிருப்பார்கள். விடிந்ததும் ஓடினேன். அதற்குள் விருந்தாளி வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குடும்பம் மலைபோன்ற உப்புமாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. ஆசிரியை முகத்தில் ஈயாடவில்லை.

"மன்னிச்சிடுங்க சார். இது எங்க வீட்டு விரதம். நான்தான் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இது சின்ன வயசுலயே தெரிஞ்சிருந்தா நான் ஒழுங்கா விரதம் இருந்திருப்பேனே!"

வகுப்பே சிரித்தது. எனக்குப் போன உயிர் வந்தது. நான் மன்னிப்புக் கேட்டதும் பாடத்தில் சேர்த்தி என்று பிள்ளைகள் நினைத்துவிட்டார்கள். "உன் பென்சிலைக் கடிச்சது நான்தான்" என்று ஆரம்பித்தாள் ஒருத்தி. அறை முழுக்க ஒரே மன்னிப்பு.

அந்த இரைச்சலில், பள்ளியைப் பராமரிக்கும் கிழவர் விருந்தாளிக்காக நாற்காலி கொண்டுவந்தார். அதைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

"நாங்க உங்களுக்கு எதிர் வீடு. உங்க அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போன அன்னிக்கு நான் ஜன்னலைச் சாத்திக்கிட்டேன்."



"தெரியும். பார்த்தேன்" என்றார் விருந்தாளி. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நாற்காலியைக் கிழவர் பக்கம் நகர்த்தி, "உட்காருங்க" என்றார். 

இப்போது என் பேரனின் பாடப்புத்தகத்தில் யோம் கிப்பூர் ஒரு பிழைகூட இல்லாமல் அச்சாகியிருக்கிறது. ஆனால் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களும் இன்று உயிரோடு இல்லை, அதைக் கொடுக்கவோ மறுக்கவோ உரிமையுள்ளவர்களும் இல்லை.