சுமி அக்கா கேட்ட ஒரு வாரம்

பள்ளி முடிந்து, பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கி எங்கள் மாடியில் திறக்கும்போதே, இறால் விழுதான "பெலாச்சான்" வாட்டும் நெடி மூக்கில் ஏறித் தும்மல் வரும். அம்மா அலுவலகத்திலிருந்து வருவதற்குள் அது போய்விட வேண்டுமென்று சன்னல்களையெல்லாம் திறந்துபோட்டுவிட்டு, சுமி அக்கா தனக்கான மிளகாய்ச் சம்பலை இடித்துக்கொண்டிருப்பார். ஜாவாவின் ஒரு நெல்வயல் கிராமத்திலிருந்து எங்கள் வீட்டு வேலைக்கு வந்தவர் அவர். நான் முதலாம் வகுப்பில் சேர்ந்த வருடம் வந்து, ஆறாம் வகுப்புவரை என்னை வளர்த்தவர்.

அந்தக் கடைசி வருடம் எங்களுக்குத் தென்கிழக்காசியா பாடம். நெல், ரப்பர், செம்பனை எண்ணெய் என்று எந்த நாடு எதை விற்கிறது என நான் உரக்க மனப்பாடம் செய்ய, துணி மடித்தபடி கேட்டுக்கொண்டிருக்கும் சுமி அக்கா, தன் அண்ணன் சபாவில் செம்பனைத் தோட்டத்தில் இருப்பதையும், தங்கை ஹாங்காங்கில் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்வதையும், எரிமலைச் சாம்பல் விழுந்த மண்ணில் நெல் எப்படித் தழைக்கும் என்பதையும் எங்கள் வீட்டில் கற்றுக்கொண்ட தமிழில் சொல்வார். முஸ்லிமான அவருடைய ஊரில் தோல்பாவைக் கூத்தில் அர்ஜுனன் வருவான் என்றபோது நான் நம்பவில்லை. இந்தியக் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாமிப் படக் கடையில் கிருஷ்ணன் ஓட்டும் தேரில் நின்றவனைக் காட்டி, "இதோ, எங்க ஊர் ஆளு" என்றார், கடைக்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

ஆறாம் வகுப்பு இறுதித் தேர்வான பி.எஸ்.எல்.ஈ. நெருங்கிய சமயத்தில் ஊரிலிருந்து தொலைபேசி வந்தது.

"அப்பாவுக்கு ரொம்ப 'சாக்கிட்', மேடம். ஒரு வாரம் போயிட்டு வந்துடறேன்" என்றார் சுமி அக்கா. உடம்பு சரியில்லை என்பதை மட்டும் அவர் எப்போதும் மலாயில்தான் சொல்வார்.

அம்மா கெட்டவர் அல்ல. தஞ்சோங் பகாரில் அவருக்கு வேலை, அப்பாவுக்கு ஷிப்ட், என்னைப் பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை. "பிள்ளைக்கு பி.எஸ்.எல்.ஈ. லா, சுமி. முடிஞ்சதும் நானே டிக்கெட் போட்டுத் தர்றேன். மூணு வாரம்தானே?" என்றார்.

"சரி, மேடம்."

நானும் அதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால், அவர் போகவில்லை என்பதில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

கணிதத் தாள் அன்று காலையில், அரைவேக்காட்டு முட்டையும் ரொட்டியும் வைத்துவிட்டு, சீருடையை இஸ்திரி போட்டுத் தந்து, மின்தூக்கிவரை வந்து கையசைத்தார். கண் ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டதற்கு, தூக்கமில்லை என்றார். கடைசித் தாளும் முடிந்து நான் வீடு வந்த பிறகுதான், அம்மாவையும் உட்காரச் சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"கணக்குப் பரீட்சை அன்னைக்குக் காலையில அப்பா போயிட்டாரு. அன்னைக்கே அடக்கம். போனாலும் முகத்தைப் பார்க்க முடியாது. நீ எழுதணும்ல, அதான் சொல்லல."

அம்மா அன்றிரவே டிக்கெட் போட்டார். மறுநாளே அவரை அனுப்பிவைத்தார். ஒரு வாரத்துக்குப் போன சுமி அக்கா திரும்பி வரவில்லை. தைவானுக்கு வேலைக்குப் போய்விட்டதாக, அவரை எங்களிடம் அனுப்பிய ஏஜென்சியில் சொன்னார்கள். எனக்கு நல்ல மதிப்பெண் வந்தது. அதைச் சொல்ல அவர் இல்லை.

இப்போது நான் சரக்குப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றில் இருக்கிறேன். சுராபாயா, மணிலா, யங்கோன் என்று நாள் முழுக்கக் கப்பல் தாமதங்களுக்குப் பதில் எழுதி, கண் எரிய ரயிலில் நின்று வீடு திரும்புகிறேன். ஊருக்குப் பேசச் சுமி அக்கா தொலைபேசி அட்டை வாங்கிய சிராங்கூன் சாலைக் கடைகளில் இன்று கைப்பேசி உறைகள் தொங்குகின்றன. அம்மாவுக்கும் வயதாகிவிட்டது, காய் நறுக்கிக்கொண்டே திடீரென்று, "கேட்டப்பவே அனுப்பியிருக்கணும்டி" என்பார்.

போன மாதம் கைப்பேசி வரைபடத்தில் சுமி அக்காவின் கிராமத்தைத் தேடினேன். அதே பெயரில் ஜாவா முழுக்கப் பல ஊர்கள் வந்து நின்றன. எந்த மாவட்டம் என்று, காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

கத்தியைக் கீழே வைத்தார். "அவ சொல்லியிருப்பா. நாமதான் காதுல வாங்கல."