இடது பக்கம் என்னுடையது

வீடியோ கேம் என்றால் ஒரே ரிமோட்டை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு ஆடுவது என்றுதான் பத்து வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. இரண்டு வருடம் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். பட்டுக்கோட்டைக்கு வடக்கே எங்கள் ஊரில், சிங்கப்பூர் போய் வந்தவர் சிங்கப்பூரைப் பற்றி என்ன சொன்னாலும் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

மாமாவுக்கு அப்பா அம்மா இல்லை. எங்கள் வீட்டில்தான் இருந்தார். சிங்கப்பூரில் கட்டடத்துக்குக் கம்பி கட்டும் வேலை. சாரத்திலிருந்து விழுந்து, ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே திரும்பி வந்துவிட்டார். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இடது கையில் ஐந்து விரலும் இருந்தன, ஆனால் ஒன்றுகூட மடங்காது. எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குக் காது கேட்காது, எங்கள் கறவை மாட்டுக்கு ஒரு கொம்பு கிடையாது, மாமாவுக்கு இடது கை விரல் மடங்காது. அவ்வளவுதான்.

விழுவதற்கு முந்தின மாதமே எனக்காக அந்த கேமை வாங்கி வைத்திருந்தாராம். டிவிக்கு மேல் வைக்கிற சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் முனையில் ரிமோட். ரிமோட்டின் இடது பக்கம் கூட்டல் குறி போல ஒரு பட்டன், வலது பக்கம் இரண்டு உருண்டைப் பட்டன். அட்டைப்பெட்டியில் எல்லாம் கலர் கலராக இருந்தது. எங்கள் டிவி கருப்பு வெள்ளை என்பதால் எங்களுக்கு எல்லாமே சாம்பல் நிறம்தான். சாம்பல் நிறத்தில் ஒரு முயல், சாம்பல் நிறப் பள்ளங்களைத் தாண்டித் தாண்டி ஓடும்.

முதல் நாள் மாமா என்னை இடது பக்கம் ஒட்டி உட்காரவைத்தார். கூட்டல் பட்டன் என் கையில், குதிக்கிற பட்டன் அவர் கையில். நான் ஓட்ட வேண்டும், அவர் குதிக்க வைப்பார். ஏன் மாமா இப்படி என்று கேட்டதற்கு, சிங்கப்பூரில் எல்லாரும் இப்படித்தான் ஆடுவார்கள் என்றார். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

ஆடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு கஷ்டம் என்று. நான் நிறுத்தினால் அவர் குதித்துவிடுவார். அவர் குதிக்கும்போது நான் பின்னால் இழுத்துவிடுவேன். முயல் நடுவில் தடுமாறிப் பள்ளத்தில் விழும். ஒரு வாரம் முதல் பள்ளத்தைத் தாண்டவில்லை. பிறகு மெல்ல மெல்ல ஒரு பழக்கம் வந்தது. பள்ளம் வருவதற்கு முன் மாமாவின் தோள் லேசாக என் மேல் சாயும். அதுதான் சைகை. பிறகு அதுவும் தேவைப்படவில்லை. அவர் மூச்சை இழுப்பதிலேயே எனக்குத் தெரிந்துவிடும். நான் வகுப்பில் வாயைத் திறக்காத பையன். வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பேசாமலேயே ஒருவரோடு சேர்ந்து ஒன்றைச் செய்ய முடிகிறது என்பது அந்த விளையாட்டில்தான் எனக்குக் கிடைத்தது. அந்த வருடம் நான் ஐந்தாவது. அதற்கு மேல் படிக்கப் போகவில்லை.

மாமாவுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை விஷயம் தெரிந்து இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. இரண்டாவது இடத்தில், கையாலாகாத ஆளுக்கா பெண் கேட்டீர்கள் என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு மாமா வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டைதான் போட்டார். மூன்றாவதாக, கும்பகோணத்துக்குக் கிழக்கே குத்தாலத்துப் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. ஆவணியில் பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இந்த முறை மறைத்துவிடுவது என்று அம்மா முடிவு செய்துவிட்டார்.

"நல்லதுக்கெல்லாம் சோத்துக்கைதானடா முன்னாடி வருது. பீச்சாங்கையை எவன் பாக்கப் போறான்?" என்றார் அம்மா.

"மறைச்சுக் கட்டிக்கிட்டு வந்தா, அந்தப் பொண்ணு என்னை என்னன்னு நெனைக்கும்க்கா?"

"கட்டிட்டு வந்தப்பறம் நெனச்சுக்கட்டும்."

அப்பா மட்டும், சொல்லிவிடுவது நல்லது என்று ஒரு தடவை சொன்னார். அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார்.

வருகிறவர்கள் முன்னால் மாமா என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்று அம்மா ஒவ்வொன்றாக யோசித்து வைத்தார். காபி வாங்குவது வலது கை, பிரச்சினை இல்லை. கும்பிடுவதற்கு இரண்டு கை வேண்டும். அதற்கு, என் தங்கைப் பாப்பாவை மாமா இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். குழந்தையை வைத்திருப்பவரை யாரும் கும்பிடச் சொல்ல மாட்டார்கள். வெற்றிலை மடிக்க இரண்டு கை வேண்டும். அதனால் வெற்றிலைப் பழக்கமே இல்லை என்று சொல்லிவிட வேண்டும். எதிர்வீட்டு அக்காவிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியாகிவிட்டது. பால்காரரிடம் அன்றைக்குக் காலையில் பேச்சுக் கொடுக்காமல் போகச் சொல்லியாகிவிட்டது. என்னிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. வெளி ஆள் வந்தால் நெல் மூட்டைக்குப் பின்னால் போய் நிற்கிற பையனிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

வேனில் நான்கு பேர் வந்தார்கள். பெண்ணின் அப்பா, அம்மா, அண்ணன், ஊர்ப் பெரியவர் ஒருவர். எல்லாம் அம்மா நினைத்தபடியே நடந்தது. பாப்பா இடுப்பில் இருந்தது. காபி வலது கையில் வந்தது. வெற்றிலைப் பழக்கம் இல்லை என்றதும் பெண்ணின் அம்மா தன் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்து, இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று சந்தோஷப்பட்டார். அடுப்படியில் வடை, பாயசத்தோடு முழுச் சாப்பாடும் தயாராக இருந்தது. சம்மதம் ஆகாமல் அவர்கள் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். காபியோடு எழுந்துவிட்டால் இல்லை என்று அர்த்தம். இலையில் உட்கார்ந்தால் சரி என்று அர்த்தம். அம்மா அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார்.

பெரியவர்கள் மேட்டூர் தண்ணீரைப் பற்றியும் சம்பா நாற்றைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தபோது பெண்ணின் அண்ணன் கேம் பெட்டியைப் பார்த்துவிட்டார். மாமாவின் வயதுதான் அவருக்கும். டிராக்டர் ஓட்டுகிறவர். கும்பகோணத்தில் ஒரு கடையில் போய் ஆடியிருப்பதாகச் சொன்னார். நீங்கள் ஆடுங்கள், நான் பார்க்கிறேன் என்றார். மாமா வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அதற்குள் அப்பா, விருந்தாளி கேட்டுவிட்டாரே என்று டிவியைப் போட்டுவிட்டார்.

நான் மூட்டைக்குப் பின்னாலிருந்து வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை. டிவியில் முயல் வந்து நின்றால் நான் மாமாவுக்கு இடது பக்கம் உட்கார வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"தம்பி, நீ கையை எடு. மாமா ஆடட்டும். இது ஒரு ஆளு ஆடுறது" என்றார் அந்த அண்ணன்.

எனக்கு அவர் மேல் பரிதாபம்தான் வந்தது. கும்பகோணம் வரை போயும் இதுகூடத் தெரியாத மனிதர். அதற்கு முன்னும் பின்னும் வெளி ஆட்களிடம் நான் அவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

"இல்லங்க, இது ரெண்டு பேர் ஆடுறது. மாமாவுக்கு இந்தப் பக்கம் விரல் மடங்காது. அதனால இந்தப் பக்கம் என்னுது."

டிவியில் மட்டும் கேம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அடுப்படியில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. மாமா என்னைத் திட்டவில்லை. சட்டைக் கையின் பட்டனை வலது கையால் கழற்றி, இடது கையை மடிமேல் எடுத்து வைத்தார். விரல்கள் நீட்டியபடி கிடந்தன.

"வேலை செய்யிற எடத்துல விழுந்துட்டேங்க. முன்னாடியே சொல்லியிருக்கணும். தப்பு என் மேலதான்" என்று பெண்ணின் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெண்ணின் அப்பா வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். மாடு வாங்க வந்தவர் கேட்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"மம்பட்டி புடிப்பீங்களா?"

"வராதுங்க."

"நாத்தைப் பறிச்சு முடி கட்டுறது?"

"அதுவும் வராதுங்க."

"உரம் எறைக்கிறது?"

"கூடையைத் துண்டுல கட்டிக் கழுத்துல மாட்டிக்குவேங்க. அதுக்கு ஒரு கை போதும்."

பெண்ணின் அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஊர்ப் பெரியவர் செருப்பைத் தேடிக் காலை நகர்த்தினார். பெண்ணின் அப்பா இரண்டு பேரையும் கவனித்ததாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மகன் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா, ஆடுறதைப் பாக்கணும்னியே. சும்மா ஒக்காந்திருக்க?"

மகன் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் கொஞ்சம் தள்ளிக்கொள்ளச் சொன்னார். நான் அசையவில்லை. அவரே என்னை அலுங்காமல் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு, மாமாவின் இடது பக்கம் நெருங்கி உட்கார்ந்தார். கூட்டல் பட்டனில் அவருடைய கட்டைவிரல் போய் உட்கார்ந்தது. அவருக்குத்தான் இரண்டு கையும் நன்றாக இருந்ததே, வலது கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு ஏன் ஒரு கையால் ஆடினார் என்று எனக்கு விளங்கவில்லை.

முயல் முதல் பள்ளத்திலேயே விழுந்தது. மறுபடியும் விழுந்தது. மூன்றாவது முறை அவர், "நீங்க எப்பக் குதிப்பீங்கன்னு சொன்னாத்தானங்க நான் ஓட்டலாம்" என்றார். மாமா சிரித்துவிட்டார். நான்தான் சொல்லாமலே கண்டுபிடிப்பேனே. அங்கே இருக்கப் பிடிக்காமல் எழுந்து கொல்லைப்பக்கம் போய் வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டேன்.

உள்ளேயிருந்து சிரிப்பு கேட்டது. பிறகு பெண்ணின் அப்பாவின் குரல், இலையைப் போடச் சொல்லுங்க என்றது. அம்மா வாழையிலை நறுக்க அரிவாளோடு கொல்லைக்கு ஓடி வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். அடிக்கத்தான் வருகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா என் தலையைப் பிடித்து வயிற்றோடு அழுத்திக்கொண்டார். அழுதுகொண்டிருந்தார். நான் ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டேன், அதனால்தான் அம்மா அழுகிறார் என்று எனக்கும் அழுகை வந்தது. என் பக்கத்தை அந்த ஆள் எடுத்துக்கொண்டார் என்று சொன்னேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு இலை நறுக்கப் போனார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அத்தை இன்றைக்கும் மாமா சட்டைக்குப் பட்டன் போட்டுவிடும்போது, பள்ளத்தில் விழுந்த முயலைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பார். அந்த அண்ணன் எனக்கு முறைக்குச் சித்தப்பா ஆனார். எனக்கு டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவர்தான்.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் எனக்கு இதெல்லாம் தெரியாது. வேன் கிளம்பிப் போனதும், எனக்கென்று அம்மா எடுத்து வைத்திருந்த வடையில் பாதியைக் கொண்டுபோய் வாய்க்கால் கரைப் பிள்ளையார் முன்னால் வைத்தேன். குத்தாலத்துக்காரர்கள் இனிமேல் எங்கள் வீட்டுப் பக்கம் வரவே கூடாது என்று நெஞ்சுருக வேண்டிக்கொண்டேன்.