சித்திரை வீதி மூலைகளில் அறுபது எண்ணியது

பதினான்கு மாதங்களாக எங்கள் ஐந்து பேரின் காலை நடைக்கு என் போனில் பதிவாகும் தடம்தான் அத்தாட்சியாக இருந்தது. ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகள் நான்கையும் வலமாக மூன்று முறை சுற்றுவோம். ஐந்து பேருக்கும் சர்க்கரை. டாக்டரிடம் காட்டும் நோட்டில் எல்லோரும் என் கிலோமீட்டரைத்தான் எழுதிக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்து, தடத்தை ஜிபிஎக்ஸ் கோப்பாக எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்ட பிறகுதான் எனக்கு இட்லி இறங்கும்.

போன் ஆறு வருடத்துப் பழசு. முதல் நாள் நூறில் கிளம்பிய பேட்டரி நாற்பத்து நான்கில் வந்து நின்றது. அதன்பின் சிக்கனம் பழகினேன். வாசலிலேயே ஃப்ளைட் மோடில் போட்டுவிடுவேன். அழைப்புகள் வராது, ஆனால் செயற்கைக்கோள் கிடைக்கும். திரையை அணைத்துச் சட்டைப்பையில் வைப்பேன். நிமிடத்துக்கு ஒரு புள்ளி மட்டும் பதியும்படி அமைத்தேன். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் போன் தூங்கும். இப்படி எழுபத்தெட்டு சதவீதம் மிச்சம் பிடித்தேன்.

அப்போது ஆறாவது ஆள் ஒருவர் சேர்ந்தார். காட்டூர் வீட்டை விற்றுவிட்டு எங்கள் தெருவில் ஃப்ளாட் வாங்கியவர். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், அவர் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். என்னைவிட நாலு வயது சின்னவர். புது போன். வினாடிக்கு ஒரு புள்ளி. நடந்து முடிக்கும்போதும் தொண்ணூற்றொன்று இருக்கிறது என்றார். நான் கேட்கவே இல்லை.

மூன்றாம் நாள் அவர் தன் தடத்தையும் குழுவில் போட்டார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நான்கு வீதிகள், நான்கு மூலைகள். என்னுடையது மூலைக்கு மூலை குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருந்தது. நிமிடத்தில் எழுபத்தைந்து மீட்டர் நடக்கிறேன். ஒரு புள்ளி மூலைக்கு முன்னாலும் அடுத்த புள்ளி மூலை தாண்டியும் விழுந்தால் கோடு வீடுகளுக்குள் புகுந்துதான் போகும். மறுநாள் காபிக் கடையில், எங்களில் தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர் ஆரம்பித்தார்.

“சார், வீடு வீடா பூந்து வந்திருக்கீங்களே. ஒரு வீட்லயாவது டிபன் குடுத்தாங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். புதியவர் சிரிக்கவில்லை என்பதையும் கவனித்தேன். அது இன்னும் மோசமாக இருந்தது. அவர் கணக்கு 6.14, என் கணக்கு 5.83. அன்றிலிருந்து நால்வரும் நோட்டில் எழுதியது 6.14.

பேட்டரியை விட்டுக்கொடுக்க மனமில்லை. நோட்டில் எனக்கிருந்த இடத்தையும் விட்டுக்கொடுக்க மனமில்லை. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு மூலையிலும் நின்று அறுபது எண்ணினால், எப்படியும் ஒரு புள்ளி அங்கே விழுந்தாக வேண்டும். மூன்று சுற்று, பன்னிரண்டு மூலை, பன்னிரண்டு நிமிடம். மற்றவர்கள் முன்னால் போய்விடுவார்கள். நான் மட்டும் நின்றுகொண்டு உதடு அசைய எண்ணிக்கொண்டிருப்பேன். தேர்கூட இவ்வளவு நேரம் மூலையில் நிற்காது என்றார் தபால் ஆபீஸ்காரர். என் கணக்கு 5.99 ஆக ஏறியது.

ஆனாலும் 6.14 உறுத்தியது. அவர் கோப்பை என் போனில் இறக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். காபிக் கடை வாசலில் கோழி கிளறியதுபோல ஒரு கிறுக்கல். நாங்கள் உட்கார்ந்திருந்த இருபது நிமிடமும் அவர் போன் பதிந்துகொண்டே இருந்திருக்கிறது. ஆள் அசையாவிட்டாலும் புள்ளி இரண்டு மூன்று மீட்டர் இப்படி அப்படி அலையும். அந்த அலைச்சலும் தூரத்தில் சேர்ந்திருக்கிறது. மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் படத்தைக் காட்டி, சார் உட்கார்ந்துகொண்டே நடக்கிறார் என்றேன். அவர் முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தனக்குத் தெரியவே தெரியாது என்றும், கடையில் எப்படி நிறுத்தி வைப்பது என்றும் என்னிடமே கேட்டுக் கற்றுக்கொண்டார். அடுத்த நாள் அவர் கணக்கு 6.01. என்னைவிட இருபது மீட்டர் அதிகம். நால்வரும் அதையே எழுதினார்கள். நான் சொல்லிக்கொடுத்துத்தான் அது சரியானது என்று யாரும் சொல்லவில்லை.

அந்த வாரம் ஒரு நாள் நடந்துவிட்டு வந்தபோது என் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள்.

“மூலைக்கு மூலை நின்னு மூச்சு வாங்குறீங்களாமே. போன் போட்டா ஸ்விட்ச் ஆஃப்னு வருது. என்கிட்ட என்ன மறைக்கிறீங்க?”

பேராசிரியரின் மனைவி சொன்னாளாம். பேராசிரியர் என்னை நோயாளி ஆக்கிக் குழுவில் இருந்தே கழற்றிவிடப் பார்க்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. மறுநாள் முகம் கொடுக்காமல் நடந்தேன். முதல் மூலையில் நின்றேன். மற்ற நால்வரும் போய்விட்டார்கள். அவர் மட்டும் திரும்பி வந்து பக்கத்தில் நின்றார். நான் நாற்பத்தொன்றில் இருந்தேன்.

“நெஞ்சுல ஏதாவது பண்ணுதா சார்? மறைக்காதீங்க. எங்க அண்ணன் இப்படித்தான் நின்னு நின்னு நடந்தாரு. நாங்க யாரும் கேக்கல.”

எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

“வலியெல்லாம் இல்ல சார்,” என்றேன். “இங்க ஒரு புள்ளி விழணும்.”

நிமிடக் கணக்கு, பேட்டரி, 5.83 எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாயிற்று. அவர் சிரித்திருந்தால் அன்றோடு நடப்பதையே நிறுத்தியிருப்பேன். அவர் போனை வாங்கிப் பார்த்தார்.

“நேரத்தை விடுங்க சார், தூரத்துக்கு வைங்க. பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி. மூலை தானா வரும்.”

முப்பத்து மூன்று வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவனுக்கு இது தோன்றவில்லை. அவருக்கு நின்ற நிலையில் தோன்றியது. அன்று நிற்காமல் நடந்தேன். 6.02. மூலைகள் மூலைகளாக இருந்தன. தொடர்ந்து விழித்திருந்ததால் போன் கூடுதலாக ஒன்பது சதவீதம் குடித்திருந்தது, போகட்டும்.

அன்று அவர் தன் தடத்தைப் போடவில்லை. ஒருவர் கேட்டதற்கு, இனிமேல் சாருடையதே போதும் என்று எழுதினார். நான் என் கோப்பை அனுப்பினேன். ஐந்து கட்டைவிரல்கள் வந்தன. முதலாவது அவருடையது. அனுப்பிப் பதினொரு வினாடிகூட ஆகவில்லை. அதற்குள் கோப்பைத் திறந்து பார்த்திருக்க முடியாது.