வெட்டியவரின் மகன்

பேராசிரியர் செல்லையன் போய்விட்டார் என்று வலங்கைமானிலிருந்து அவருடைய தம்பி போன் செய்தபோது, நான் ஆய்வகத்தில் ஒரு மாணவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். எனக்குத் திட்டக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். அவனை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினேன்.

தஞ்சாவூரில் அவருடன் வேலை பார்த்த உங்களுக்கு அந்தக் கோபம் தெரியும். சோதனையில் வராததை வந்ததாக ஒருவன் எழுதியபோது, கையிலிருந்த குடுவையைச் சுவரில் அடித்து உடைத்தார். “நடந்ததை முதல்ல எழுதுங்க. நியாயத்தை அப்புறம் எழுதலாம்” என்றார். பிறகு கண்ணாடித் தூளை அவரேதான் கூட்டி அள்ளினார்.

வாழ்நாளெல்லாம் அவர் துரத்தியது ஒரு பாலிமரை. அதன் இழைகளை யாரும் பின்ன வேண்டியதில்லை. ரத்தம் பட்டதும் தாமாகவே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, வலையாகிக் காயத்தை அடைத்துவிட வேண்டும். பல வருடங்கள் அது கோத்துக்கொள்ளவே இல்லை. கோத்துக்கொண்ட அன்று நாங்கள் கைதட்டினோம். அவர் மட்டும், “தொடையில ஆழமா வெட்டுனா நிக்குமா?” என்று கேட்டார். என்ன மனிதர் இவர் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அந்தப் பாலிமர் பசையாகி மருத்துவமனைகளுக்குப் போனதும் அவருடைய ஊரில் பாராட்டு விழா எடுத்தார்கள். நானும் போயிருந்தேன். பண்ணையாரை எதிர்த்துக் கூலி கேட்டு அடிபட்ட குடும்பத்தின் பிள்ளை என்று கட்சிக்காரர் ஒருவர் முழங்கி, பொன்னாடை போர்த்தினார். செல்லையன் மைக்கை வாங்கினார். அது தன் குடும்பம் இல்லை என்றார். அறுவடைத் தகராறில் அதே ஊர் அஞ்சலையம்மாளின் கணவரை வரப்பில் வைத்துத் தொடையில் வெட்டிக் கொன்றது, பண்ணையாருக்கு அடியாளாக இருந்த தன் அப்பா என்றார். அரிவாளை அவர் வாய்க்காலில் கழுவியதைச் சின்னப் பையனாகத் தான் பார்த்ததையும் சொன்னார். போலீஸ் வந்து கேட்டபோது, அப்பா நாகூர் தர்கா கந்தூரித் திருவிழாவுக்குப் போயிருந்தார் என்று வீடே சாதித்திருக்கிறது. இவரும் அதையே சொல்லியிருக்கிறார். வழக்கு நிற்கவில்லை.

மேடையில் முதலில் ஏறியவர் அவருடைய தம்பி. “செத்த அப்பனை நடுத்தெருவுல நிறுத்திட்டியே” என்று மைக் ஸ்டாண்டைப் பிடுங்கி அண்ணன் நெற்றியில் அடித்தார். வெட்டுப்பட்டவரின் உறவுக்காரர்கள் கீழிருந்து நாற்காலிகளை வீசினார்கள். இரண்டு பக்கமும் அடி வாங்கினார் மனிதர். ரத்தம் நிறுத்தும் பசை தஞ்சாவூரில் பத்திரமாக இருந்தது; நான் பொன்னாடையைச் சுற்றித்தான் கட்டுப்போட்டேன்.

அஞ்சலையம்மாள் முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். செல்லையன் தள்ளாடிக்கொண்டே அவர் எதிரே போய் நின்றார்.

“ரெண்டு கையாலயும் அழுத்திப் புடிச்சேன். விரல் சந்துலயெல்லாம் வந்துச்சு. ஒன் மருந்து அன்னைக்கு எங்க போச்சு?” என்று கேட்டார் அந்த அம்மாள்.

அந்தக் கொலையைப் பற்றி எங்களிடம் செல்லையன் ஒருநாளும் பேசியதில்லை. இத்தனை வருடம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இப்போது வலங்கைமானில் அவர் உடலை எடுக்கும் நேரத்தில் அஞ்சலையம்மாள் வந்தார். இங்கே உங்களுக்கு என்ன வேலை என்று தம்பி வாசலில் மறித்தார்.

“வெட்டுனது யாருன்னு ஊருக்கே தெரியும். வாயத் தொறந்து சொன்னது இவரு ஒருத்தருதான். தள்ளு” என்றார் அவர்.

உள்ளே வந்து, செல்லையனின் நெற்றித் தழும்பின் மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். தூக்க வந்தவர்கள் காத்திருந்தார்கள்.

அந்தப் பொன்னாடை என்னிடம் இருக்கிறது. நான் அதைத் துவைக்கவில்லை.