மகளின் வலது முழங்கை

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாரி மழை தொடங்கிய நேரம். நெடுங்கேணியில் ரியூஷன் வகுப்பு முடிந்து வந்த என் மகள் சைக்கிளோடு விழுந்து வலது முழங்கையை உடைத்துக்கொண்டாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது.

ஆஸ்பத்திரியில் போட்ட பிளாஸ்டரை வெட்டியபோது கை பாதிதான் மடிந்தது. பயிற்சி கொடுக்கும் மிஸ்ஸிடம் அனுப்பினார்கள். இறுகிப்போயிருந்த தோளை அவர் மெதுவாக நீவிவிட்டார். முழங்கையைத் தொடவே இல்லை.

"எல்லா இடத்தையும் பிடிச்சு விடக்கூடாது அம்மா. முழங்கையை அமத்தி உருவினா சதைக்குள்ள எலும்பு வளரக்கூடும். பிள்ளை தானாத்தான் மடக்கிப் பழக வேணும்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சதைக்குள் எலும்பு வளருமாம்! எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டில் சுளுக்கு என்றாலும் உருவிவிட என்னைத்தான் கூப்பிடுவார்கள். நேற்றுப் படித்து வந்தவள் எனக்குப் பாடம் எடுக்கிறாளோ என்று ஒரு வீம்பு.

அன்றே தொடங்கினேன். அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நல்லெண்ணெயைச் சூடாக்கி, முழங்கையை அமத்தி உருவி, இழுத்து மடக்குவேன். அவள் அழுவாள். அழுதால்தான் பிடிப்பு விடும் என்று நினைத்தேன். கை இறுக இறுக நானும் பலத்தைக் கூட்டினேன்.

அடுத்த மாதம் மிஸ் அளந்து பார்த்தார். முன்பைவிடக் குறைவாக மடிந்தது. வீட்டில் யாராவது உருவினீர்களா என்று என்னைக் கேட்டார். வாய் கூசாமல் இல்லை என்றேன். அப்படியென்றால் நீ பயிற்சி செய்யவில்லை என்று அவர் மகளைக் கண்டித்துப் பேசினார். மகள் என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"ஓம் மிஸ், நான்தான் ஒழுங்காச் செய்யேல்லை" என்றாள்.

நான் பக்கத்துக் கதிரையில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

அதற்குப் பிறகாவது நிறுத்தினேனா? கையைச் சரியாக்கிவிட்டால் பொய்யும் மறைந்துவிடும் என்று இன்னும் இரண்டு கிழமை நாள் தவறாமல் உருவினேன். முழங்கை வீங்கிச் சுட்டபோதுதான் பயம் வந்தது. எக்ஸ்ரேயில் மூட்டுக்கு முன்னால் வெள்ளையாக எலும்பு வளர்ந்திருந்தது. உடைவினாலும் இப்படி வரலாம் என்றார் டொக்டர். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தப்பப் பார்த்தேன். மகளின் கண்ணைப் பார்க்கத்தான் முடியவில்லை.

எக்ஸ்ரேயைப் பார்த்த மிஸ் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்டைக்கு உன்னைப் பேசினது பிழை, மன்னிச்சுக்கொள் பிள்ளை" என்றார்.

ஒப்பரேசன் செய்தும் அந்தக் கை தலைவரை போகவில்லை. கரண்டியால்தான் சாப்பிடுகிறாள். பள்ளிக்கூடத்துக்கு இரட்டைப் பின்னலை நான்தான் பின்னிவிடுகிறேன். ஒரு நாளும் அவள் என்னைக் குறை சொன்னதில்லை. காலையில் அவளுக்குப் பின்னால் நின்று சீப்பால் தலை இழுக்கும்போது ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன்: ஒரு பிழையும் செய்யாத அந்த மிஸ் கேட்ட மன்னிப்பை, பெற்ற தாய் நான் இன்னும் கேட்கவில்லை.