அப்பத்தின் எடை

நாத்தனார் ஒருத்தி தன் அண்ணியைப் புகழ்ந்து எழுதினால் எங்கள் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். அக்னஸ் என் அண்ணன் இருதயராஜின் மனைவி. அதற்கு முன்பே எங்கள் அத்தை மகள். சின்ன வயதில் நானும் அவளும் முடியைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டிருக்கிறோம். இன்றைக்கும் அவள் வாய் எனக்குச் சில நேரம் எரிச்சல்தான். ஆனால் அந்த வாயும் அவள் கைப்பையில் கிடக்கும் தராசும் இல்லாவிட்டால் அவள் மகள், எங்கள் ரோஜா, இன்று இல்லை. இதை யார் முகத்துக்கு நேராகவும் சொல்வேன்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அக்னஸ் வேலை பார்க்கிறாள். அவள் பையில் ஜெபமாலை, சீப்பு, ஒரு சின்ன ஸ்பூன் இருக்கும். அவற்றோடு செல்போன் அளவில் ஒரு கறுப்புத் தராசு. மூடியைத் திறந்தால் உள்ளங்கையைவிடச் சின்னதாக ஒரு எவர்சில்வர் தட்டு. ஒரு பருக்கைச் சோற்றை வைத்தாலும் எண் ஓடும். கிராமை நூறாகப் பிரித்துக் காட்டுகிற யந்திரம் அது. கூடவே துணியில் முடிந்த ஒரு அஞ்சு ரூபாய்க் காசு. அந்தக் காசை எதற்கும் செலவழிக்க மாட்டாள். அதன் எடை ஆறு கிராம். தினமும் காலையில் முதலில் அந்தக் காசுதான் தட்டில் ஏறும். சரியாக ஆறு காட்டினால்தான் அன்றைக்குத் தராசை நம்புவாள்.

இந்தத் தராசு வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் பதினோரு வருஷம் பின்னால் போக வேண்டும்.

அக்னஸுக்கு முதலில் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. நாலு நாள் நன்றாக இருந்தது. ஐந்தாம் நாள் பால் குடிப்பதை நிறுத்தியது. உடம்பை வில்லாக வளைத்துக் கத்தியது. அதன் மூத்திரத் துணியில் வெல்லப் பாகு காய்ச்சிய வாசனை வந்தது. என் அம்மா அமலோற்பவமேரி அதை மாதா கொடுத்த வரம் என்றே நினைத்துவிட்டாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் துணியை நீட்டி, "புள்ள பாகு மணக்குது பாரு" என்றாள். நானும் முகர்ந்து பார்த்துச் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. பன்னிரண்டாம் நாள் குழந்தையைக் கல்லறைக்குத் தூக்கிப் போனோம்.

அதன் பிறகு தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சினால் அக்னஸ் எழுந்து தெருக்கோடிக்குப் போய் நின்றுகொள்வாள்.

இரண்டு வருஷம் கழித்து ரோஜா பிறந்தாள். நாலாம் நாள் காலையில் துணியை மாற்றிய அக்னஸ் அப்படியே நின்றுவிட்டாள். அதே வாசனை. தீட்டு கழியாமல் பிள்ளையை வெளியே எடுக்கக் கூடாது என்று அம்மா வாசலை மறித்தாள். அக்னஸ் அவளைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு வெளியே வந்தாள். என்னையும் இழுத்துக்கொண்டு புதுச்சேரி பஸ் ஏறினாள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி வரிசையில் வரச் சொன்னார்கள். அவள் டாக்டர் அறை வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எம் புள்ள மூத்திரம் பாகு வாசன வருது. இதே வாசன வந்த மொத புள்ளய பொதச்சிட்டேன். இது இன்னா நோவுன்னு நீங்க சொல்ற வரைக்கும் நான் எழுந்திரிக்க மாட்டேன்" என்றாள்.

வாசனை என்ற சொல்லைக் கேட்டதும் உள்ளேயிருந்த பெண் டாக்டரே எழுந்து வெளியே வந்தார்.

புரதத்தில் இருக்கும் சில சத்துகளை இந்தப் பிள்ளையின் உடம்பால் செரிக்க முடியாது, அவை தேங்கினால் மூளைக்கு விஷம் என்று அவர் விளக்கினார். அதற்காக அடியோடு நிறுத்தவும் கூடாது, வளர்ச்சி நின்றுவிடும். தாய்ப்பாலே அளந்துதான் தர வேண்டும். டப்பாவில் வரும் தனிப் பால்மாவு ஒன்று உண்டு. அதோடு இரண்டு மருந்துப் பொடிகள், ஒவ்வொன்றும் ஒரு நாளைக்குக் கிராமில் பத்தில் ஒரு பங்கு. பின்னால் சோறு தின்னும் வயது வந்தாலும் ஒவ்வொரு வாய்க்கும் கணக்கு உண்டு. ஆயுசுக்கும் இப்படித்தான். அம்மா பிற்பாடு, "இவ வவுத்துல வந்த நோவு" என்று ஆரம்பித்தாள். டாக்டர் சொன்னதை அக்னஸ் அப்படியே திருப்பிக் கொடுத்தாள்: "ரெண்டு பக்கமும் குடுத்தாத்தான் வருமாம் அத்த. பாதி உங்க புள்ளையது."

பத்தில் ஒரு பங்கு கிராமை எந்த ஸ்பூனால் அளப்பது? அண்ணனும் அவளும் விழுப்புரம் போய், நகைப் பட்டறைக்குச் சாமான் விற்கும் கடையில் தராசு கேட்டார்கள்.

"எத்தினி சவரன் வரைக்கும் நிறுக்கணும்மா?" என்றார் கடைக்காரர்.

"சவரன் இல்லீங்கண்ணா. புள்ளைக்கு மருந்து. நாளைக்கு சோறும் நிறுக்கணும்."

கடைக்காரர் கையில் எடுத்த தராசை அலமாரியிலேயே திரும்ப வைத்துவிட்டு உள்ளே போய் நல்லதாக ஒன்று எடுத்து வந்தார். ஃபேன் காற்றில் எண் ஆடும், ஃபேனை நிறுத்திவிட்டு நிறுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான்.

ரோஜா சோறு தின்ன ஆரம்பித்ததும் வீட்டில் போர் மூண்டது. எங்கள் பக்கத்தில் பிள்ளை சாப்பிடும் தட்டை உற்றுப் பார்க்கவே மாட்டார்கள். பெற்றவள் கண்ணே ஆகாது என்பார்கள். இவளோ சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு, குனிந்து, பருக்கை பருக்கையாக எடுப்பாள், வைப்பாள்.

"சோத்த நிறுத்துப் போடற ஊடு உருப்படுமாடி? கண்ணு பட்டுடும்" என்று அம்மா கத்துவாள்.

"கண்ணு பட்டா மொளகா சுத்திப் போட்டுக்கலாம் அத்த. சோறு அதிகமானா சுத்திப் போட மொளகா கெடயாது" என்பாள் அக்னஸ், எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமலே.

கல்யாணப் பந்தியிலும் இலைக்குப் பக்கத்தில் தராசை வைத்தாள். கஞ்சப் பிசினாரி என்று பெயர் வாங்கினாள். மயிலத்துப் பக்கம் ஒரு வளைகாப்பில் யாரோ ஆசையாக ரோஜா வாயில் லட்டை வைத்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் விரலை விட்டு அதைத் தோண்டி எடுத்தாள். பிள்ளை அழுதது, கூட்டம் முகம் சுளித்தது. அவள் கையைக் கழுவிவிட்டு வந்து நிறுத்த சோற்றை ஊட்டினாள். எனக்கே அன்றைக்கு அவமானமாகத்தான் இருந்தது.

ரோஜாவுக்கு இப்போது ஒன்பது வயது. போன மே மாதம் கோயிலில் அவள் வயதுப் பிள்ளைகளுக்குப் புதுநன்மை கொடுக்க ஏற்பாடானது. முதல்முதலாக நற்கருணை அப்பத்தை வாங்குகிற நாள் அது. வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவத்தி எல்லாம் உண்டு. அதற்கு முன் ஜெபங்களை மனப்பாடம் செய்யப் பத்து நாள் மந்திர வகுப்பு. நடத்தியவர் உபதேசியார் அமலதாஸ். நல்ல மனுஷர், பிள்ளைகள் என்றால் உயிர். அப்பம் சுடும் கன்னியர் மடத்திலிருந்து மாதாமாதம் பாக்கெட் வாங்கி வருவதும் அவர்தான். வட்டமாக வெட்டியது போக மிஞ்சும் ஓரத் துண்டுகளை மடத்தில் ஒரு பையில் போட்டுக் கொடுப்பார்கள். மந்திரம் நன்றாகச் சொன்ன பிள்ளைக்கு அதில் கை நிறைய அள்ளிக் கொடுப்பது அவர் வழக்கம். ரோஜாவுக்கு எல்லா மந்திரமும் மனப்பாடம்.

அவளுக்கு ஆகாது என்பது அவருக்குத் தெரியும். கோயில் பண்டம் பிள்ளையை என்ன செய்துவிடும் என்று நினைத்திருக்கிறார். ரோஜாவும் வீட்டில் மூச்சு விடவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து நிறுக்காமல் தின்கிறாளே, எப்படிச் சொல்வாள்? பத்தாம் நாள் சாயங்காலம் தள்ளாடிக்கொண்டு வந்தாள். அக்னஸ் அவள் பாவாடையை முகர்ந்தாள். அடுத்த பஸ்ஸில் புதுச்சேரி. நாலு நாள் சொட்டு மருந்து ஏறியது. பிழைத்து வந்தாள்.

வந்த மறுநாள் கோயிலிலிருந்து சேதி வந்தது. எதற்கு வம்பு, இந்த வருஷம் ரோஜா மட்டும் கையை மார்பில் கட்டிக்கொண்டு வரட்டும், அப்பத்துக்குப் பதிலாகத் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் கொடுத்துவிடலாம் என்று.

"நான் பாவம் பண்ணிட்டேனாம்மா, திருட்டுத்தனமா துன்னதுக்கு?" என்று ரோஜா கேட்டாள்.

அக்னஸ் பையை எடுத்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கோயிலில் பூசைச் சாமான் வைக்கும் அறையில் பங்குச் சாமியாரும் உபதேசியாரும் இருந்தார்கள். அக்னஸ் மேசைமேல் தராசை வைத்தாள். "ஃபாதர், அந்த ஃபேன கொஞ்சம் நிறுத்துங்க. பூசைக்கு வைக்கிற பாக்கெட்லருந்து மூணு அப்பம் குடுங்க."

உபதேசியார் குறுக்கே வந்தார். "இன்னாம்மா பண்ற? ஆண்டவரையா நிறுக்கற?"

"இன்னும் ஆண்டவர் ஆவலீங்க உபதேசியாரே. ஃபாதர் மந்திரம் சொன்னப்பறம்தான் ஆண்டவர், நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? இப்ப இது கோதும மாவு. மாவா இருக்கறப்பவே நிறுத்துடறேன்."

சாமியார் தும்முவது மாதிரி கர்சீப்பை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து அவரே ஃபேனை நிறுத்தினார்.

காசை வைத்தாள்: ஆறு. அப்பத்தை வைத்தாள்: பாயிண்ட் டூ டூ. அடுத்தது பாயிண்ட் டூ ஒன். மூன்றாவதும் டூ டூ. கால் கிராம்கூட இல்லை.

"பத்து நாளா கை நிறைய வாரிக் குடுக்கறப்ப உங்களுக்குப் பயம் வரல. நிறுத்து ஒண்ணு குடுக்கறதுக்கு பயமா இருக்குதா?" என்று கேட்டாள். உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவளுக்கு இல்லை.

டாக்டர் கடிதம் வந்தால் சரி என்றார் சாமியார். மறுநாளே புதுச்சேரி போனாள். ஆஸ்பத்திரியில் உணவுக் கணக்குப் பார்க்கும் அம்மா எழுதிக் கொடுத்தார்: இந்த எடையுள்ள அப்பம் ஒன்று கொடுக்கலாம், அன்றைய சோற்றில் ஒரு கிராமைக் குறைத்தால் போதும். சாமியார் படித்துவிட்டுச் சம்மதித்தார். ரோஜா அன்றைக்கு ராத்திரி பூமுடியைக் கழற்றாமலே தூங்கினாள்.

புதுநன்மை ஞாயிறு வந்தது. காலை ஆறு மணிக்கு ஃபேனை நிறுத்திவிட்டு அக்னஸ் சோறு நிறுத்தாள். ஒரு கிராமைத் தனியே எடுத்து வைத்தாள். ரோஜா அதை விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள். இருபத்தோரு பருக்கை. அக்னஸ் அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

அன்று பூசை வைக்க விழுப்புரத்திலிருந்து விருந்தாளிச் சாமியார் ஒருவர் வந்திருந்தார். எங்கள் பங்குச் சாமியார் அடுத்த பக்கத்து வரிசைக்கு நன்மை கொடுத்துக்கொண்டிருந்தார். உபதேசியார் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும்போது ரோஜாவைக் கடைசியில் நிறுத்தினார். விருந்தாளிச் சாமியார் காதில் ஏதோ சொன்னார். அப்போது எங்களுக்கு அது புரியவில்லை.

பதினெட்டு பிள்ளைகள் வாங்கிப் போனார்கள். ரோஜா முன்னால் வந்து கையைக் குவித்து நீட்டினாள். சாமியார் அப்பத்தை எடுக்கவில்லை. சிரித்த முகத்தோடு அவள் தலையில் கையை வைத்துச் சிலுவை போட்டார்.

மூன்றாவது வரிசையில் இருந்த அக்னஸ் எழுந்து நின்றாள். உபதேசியார் ரோஜாவின் தோளைத் தொட்டு நகரச் சொன்னார். அவள் நகரவில்லை. நீட்டிய கையையும் மடக்கவில்லை.

"ஃபாதர், எனக்கு அப்பம் உண்டு" என்றாள். பக்கத்தில் மைக் இருந்ததால் கோயில் முழுக்கக் கேட்டது. "பாயிண்ட் டூ டூ. அம்மா நிறுத்துட்டாங்க. காலையிலியே ஒரு கிராம் சோத்தக் கொறச்சிட்டாங்க. இருபத்தோரு பருக்க. நானே எண்ணினேன்."

பாட்டு நின்றுவிட்டது. விருந்தாளிச் சாமியார் விழித்தார். பிள்ளையைப் பார்த்தார், நின்றுகொண்டிருந்த அக்னஸைப் பார்த்தார், அடுத்த வரிசையில் இருந்த எங்கள் சாமியாரைப் பார்த்தார். அவர் கொடுக்கலாம் என்று தலையை ஆட்டினார்.

"கிறிஸ்துவின் திருவுடல்" என்றார் விருந்தாளிச் சாமியார்.

"ஆமென்" என்றாள் ரோஜா. அவள் மெல்லும்போது நான் அழுதேன். என் அம்மாவும் அழுதாள். அக்னஸ் அழவில்லை. பிள்ளை விழுங்கி முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு அப்புறம்தான் உட்கார்ந்தாள்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் உபதேசியார் எங்களிடம் வந்தார். இன்னொரு தடவை அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போனால் தன் மனசு தாங்காது, பயத்தில்தான் அப்படிச் சொன்னேன் என்றார். உண்மைதான், அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. ஆனாலும் போகிற போக்கில், "இருந்தாலும் பீடத்தண்ட நின்னுக்கினு பொம்பளப் புள்ள சாமியார எதிர்த்துப் பேசலாமாம்மா?" என்றார்.

அக்னஸ் ரோஜாவின் பூமுடியைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

"அவ எதிர்த்துப் பேசலீங்க. எடையச் சொன்னா."