நாற்றம் போக எழுதிய மனு

யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் இருக்கும். ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் நடுவே, கடலை ஒட்டிய ஒரு சந்தில் ஒண்டுக்குடித்தனம் இருந்தோம். எனக்கு ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா உத்தியோகம். கல்யாணமாகி நாலு வருஷம் காத்திருந்த பிறகு, என் மனைவி முதல்முறையாகக் கர்ப்பமாகியிருந்தாள்.

எங்கள் வீட்டுக்கு எதிரே பெரிய கிடங்கு ஒன்றைக் கட்டத் தொடங்கிப் பாதியில் விட்டிருந்தார்கள். சிமெண்டு கிடைக்கவில்லை என்றார்கள், முதலாளி பம்பாய்க்குப் போய்விட்டார் என்றார்கள். எது நிஜமோ, எங்களுக்கு மிஞ்சியது இடுப்பளவு சுவரும் அஸ்திவாரத்துக்கு வெட்டிய குழிகளும்தான். குழித் தண்ணீர் கோடையிலும் வற்றாது. தெருக் குப்பை முழுக்க அங்கேதான் போய்ச் சேரும். முதலாளிக்கு இரண்டு கடிதம் போட்டேன். கிணற்றில் போட்ட கல்தான்.

அந்தச் சுவர் மறைவில் மீனவப் பெண்கள் நாலைந்து பேர் அடுப்பு மூட்டிச் சுறா ஈரல் காய்ச்சுவார்கள். படகுக்குப் பூசுகிற எண்ணெய் அது. கடல் காற்று அங்கே அடுப்பை அணைக்காது. வேலை முடிந்ததும் சட்டிகளைக் குழித் தண்ணீரில் அலசிவிட்டுப் போவார்கள். தண்ணீர்மேல் எப்போதும் எண்ணெய் மினுக்கும். அந்த நாற்றம் இருக்கிறதே, சோற்றில் கை வைக்க முடியாது. மசக்கையில் இருந்த என் மனைவி குடித்த தண்ணீரைக்கூட வாந்தி எடுத்தாள்.

எனக்கு இங்கிலீஷில் மனு எழுத வரும். அந்தத் திமிரும் கொஞ்சம் உண்டு. சுகாதாரக் கேடு, நோய் பரவும் என்றெல்லாம் எழுதி, தெருவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி கார்ப்பரேஷனுக்கு அனுப்பினேன். முதலாளியிடம் பலிக்காதது இங்கே பலித்தது. ஒரே வாரத்தில் ஆட்கள் வந்து அடுப்புகளை இடித்துவிட்டு, சுற்றிலும் முள்கம்பி கட்டினார்கள். தெருவே என்னை மெச்சியது. அந்தப் பெண்களில் மூத்தவள் மட்டும், சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போகும்போது என்னை ஒருமுறை பார்த்தாள். 

நாற்றம் போயிற்று, கொசு வந்தது. வாயைத் திறந்து பேசினால் உள்ளே போகிற அளவுக்கு வந்தது. அடுத்த மாதமே வீட்டுக்கு ஒருவர் குளிர்சுரத்தில் படுத்துவிட்டார்கள். ஆறாவது மாதத்தில் என் மனைவியும் படுத்தாள். மூன்று கம்பளி போர்த்தியும் அவள் நடுங்குகிற நடுக்கத்தில் கட்டிலே ஆடும். தாய்க்குப் பயமில்லை, இப்படியே சுரம் திரும்பத் திரும்ப வந்தால் குழந்தை தங்காது என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் கொயினா என்ற மலேரியா மருந்தைக் கொடுத்து அனுப்பினார்கள்.

சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து குழிகளை எட்டிப் பார்த்தார். முன்பு கொசு இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன், அந்தப் பெண்களின் கதையையும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஊர் பூரா தேங்கின தண்ணியில எண்ணெய் ஊத்திக் கொசுவைக் கொல்றதுதான் சார் என் உத்தியோகம். இங்கே அதைச் சும்மா செஞ்சவங்களை நீங்களே கிளப்பிட்டீங்களே."

சர்க்கார் எண்ணெய் வர இரண்டு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு இரண்டு நாள்கூடப் பொறுக்க முடியாது. வெட்கத்தை விட்டுக் காசிமேட்டுக்குப் போனேன். அந்த மூத்தவள் கரையில் மீன் கூறு கட்டிக்கொண்டிருந்தாள். கொசுவையும் சுரத்தையும் சொல்லி, குழியில் எண்ணெய் ஊற்ற வரும்படி நான் வேண்டியதைத் தலை நிமிராமல் கேட்டாள்.

"நாத்தம்னு எய்திப் போட்டியே நைனா. இன்னா, இப்ப மணக்குதா?"

 மனைவிக்கு எத்தனை மாதம் என்று கேட்டாள், சொன்னேன்.

"உனுக்காவ வர்ல. வயித்துல கீற புள்ளைக்காவ வர்றேன்."

மறுநாள் காலையில் நாலு பெண்கள் முள்கம்பி மேல் சாக்கைப் போட்டுத் தாண்டி, படகுக்கு வைத்திருந்த எண்ணெயைக் குழி குழியாக ஊற்றினார்கள். வாரம் தவறாமல் வந்தார்கள். அடுப்பை மட்டும் மறுபடி மூட்டவே இல்லை. நான் வேலியை எடுக்கச் சொல்லி இன்னொரு மனு எழுதினேன். அதற்கு யாரும் வரவில்லை.

கொசு அடங்கியது. மனைவிக்குச் சுரம் விட்டது. குழந்தை தங்கவில்லை. ஏழாம் மாதத்தில் பிறந்து, அழக்கூட இல்லை. செய்தி கேட்டு அந்த மூத்தவள் வந்து, என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். என்னிடம் அவள் ஒரு வார்த்தைகூடக் குத்திப் பேசவில்லை. பேசியிருக்கலாம் என்று எனக்கு இருந்தது.

அப்புறம் எங்களுக்குக் குழந்தைகள் பிறந்து, வளர்ந்து விட்டார்கள். அந்தச் சந்தை விட்டும் வந்துவிட்டோம். ஆனாலும் மனசு ஆறவில்லை. குழியை வெட்டிப் போட்டுவிட்டுப் போனவரின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. கைக்கு எட்டியவர்களைத் துரத்திவிட்டு, அதை நியாயம் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக நான் தூங்கிய அந்தச் சில நாட்களைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.